லெவல் நடை

ஏசுபாதம் நேராக நின்று நான் பார்த்தது எங்கள் கல்யாண போட்டோவில் மட்டும்தான் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள் நான். அவர் என் வீட்டுக்காரர். கேலியை ஆரம்பித்து வைத்ததே நான்தான், மற்றவர்கள் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார்கள். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் பிறகு யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. அதற்காகத்தான் சொல்கிறேன்.

என் பெயர் ஐடா. பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. தினமும் காலையில் முந்நூறு பிள்ளைகளை லைனில் நேராக நிறுத்துகிறவள். எனக்குச் சட்டென்று கோபம் வரும். பயம் வந்தாலும் அது கோபமாகத்தான் வெளியே வரும். இதை என் மகள் ஜாய் கண்டுபிடித்துச் சொன்னாள், அதற்கும் அவளைத் திட்டினேன்.

கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய எங்கள் கோரமண்டல் லைன் வீடுகளில் ஆண்பிள்ளைகளைத் தூரத்திலேயே நடையை வைத்து அடையாளம் சொல்லிவிடுவோம். சுரங்கத்தில் இறங்கினவனுக்குத் தலையில் மாட்டிய லைட் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம்தான் உலகம். அதனால் எதைப் பார்க்கவும் கண்ணை மட்டும் திருப்ப மாட்டான், தலையையே திருப்புவான். மேலே பாறை இடிக்கும் என்று கழுத்தைத் தாழ்த்திக்கொள்வான். கீழே தண்டவாளம் இருக்கும், தண்ணீர் தேங்கியிருக்கும், அதனால் காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து வைப்பான். ஒரு கை சுவரைத் தடவிக்கொண்டே வரும். பூமிக்கு அடியில் இருக்கிற ஒவ்வொரு தட்டுக்கும் லெவல் என்று பெயர் என்பதால் இதற்கு லெவல் நடை என்று பெயர் வைத்திருந்தோம். ஷிப்ட் முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே ஏறி வந்த பிறகும் அந்த நடை இரண்டு தெரு தூரத்துக்குக் கூடவே வரும்.

சுரங்கத்தை மூடி இருபத்து நான்கு வருஷம் ஆகிறது. ஆண்கள் எல்லாம் தினமும் பெங்களூருக்கு ரயில் ஏறினார்கள். ஒருவர் செக்யூரிட்டி, ஒருவர் லிஃப்ட் ஆபரேட்டர், ஒருவர் குடோனில் மூட்டை எண்ணுகிறவர். கொஞ்ச நாளில் எல்லோருடைய நடையும் நிமிர்ந்துவிட்டது. நந்திதுர்க் ஷாஃப்டில் எட்டு வருஷம் வேலை பார்த்த என் வீட்டுக்காரரும் நிமிர்ந்துதான் போனார். செக்யூரிட்டி யூனிபார்மில் பார்க்க நன்றாகத்தான் இருந்தார், அதை அவரிடம் நான் சொன்னதில்லை.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த நடை அவரிடம் திரும்பி வந்தது. முதலில் கழுத்து குனிந்தது. பிறகு கால் தரையைத் தேய்த்தது. பிறகு கை சுவரைத் தேடியது. எங்கள் லைனில் யாருக்கும் இது கவலையாகத் தெரியவில்லை. சந்தோஷமாகத் தெரிந்தது. எதிர் வீட்டுச் சரோஜம்மா அவரைப் பார்க்கும்போதெல்லாம், "இன்னாண்ணா, ஷிப்ட்டு முடிஞ்சிதா? கேஜு இன்னும் மேல வர்லியா?" என்று கேட்பாள். அவரும் சிரித்துக்கொண்டே, "பழக்கம்மா, எங்க வுடுது" என்பார். மூடிப் போன சுரங்கத்தில் ஏதோ கொஞ்சம் எங்கள் தெருவில் உயிரோடு நடந்துபோவதாக நினைத்துக்கொண்டோம். எங்களுக்குப் பெருமைப்பட வேறு என்ன இருந்தது?

பெங்களூரிலிருந்து கேமராவோடு இரண்டு பையன்கள் வந்தார்கள். பழைய தொழிலாளர்களை வீடியோ எடுத்துப் போடுகிறார்களாம். லைனே சேர்ந்து என் வீட்டுக்காரரைத்தான் காட்டியது. தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அவரை நடக்கச் சொன்னார்கள். அவர் குனிந்து, கால் தேய்த்து, இடது கையால் வீட்டுச் சுவர்களைத் தொட்டுக்கொண்டே நடந்தார். தெருவே கை தட்டியது. நான் விசிலே அடித்தேன். ஜாய் அந்த வீடியோவைத் தன் போனிலும் எடுத்து வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்குள் மட்டும் எனக்கு எரிச்சலாக வரும். வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்வார். பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டிவிடுவார். "கண்ண எங்க வெச்சிகினு வர்றீங்க?" என்று கத்துவேன். ஒரு நாளைக்குப் பத்து தடவை இந்தக் கேள்வியைக் கேட்டிருப்பேன். ஒரு தடவையாவது நிஜமாகக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நின்று பொடி எழுத்து பைபிளை ஒரு வார்த்தை தடுக்காமல் வாசிக்கிறவர். அவருக்குக் கண்ணில் கோளாறு என்று யார் சொன்னாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

இந்த ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, சர்ச் படியில் விழுந்தார். மூன்றே படி. முப்பது வருஷமாக ஏறி இறங்குகிற படி. தடுக்கி விழவில்லை, நின்ற இடத்திலிருந்து இடது பக்கமாகச் சாய்ந்து போனார். தூக்கிவிட வந்தவர்களில் ஒருவர் அவருடைய வாயை மோந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. மோந்தவரை நான் கேட்ட கேள்வியில் பாஸ்டரே உள்ளே போய்விட்டார். அதற்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

மாவுக்கட்டு போட்ட டாக்டர்தான் முதலில் சந்தேகப்பட்டார். "எதுல தடுக்கினீங்க?" என்று கேட்டார். "எதுலயும் இல்ல சார்." டாக்டர் தன் மூக்கைப் பார்க்கச் சொல்லிவிட்டு, இரண்டு விரலைப் பக்கவாட்டில் ஆட்டினார். "என் விரல் ஆடுதா?" என் வீட்டுக்காரர் சிரித்தார். "எந்த விரலு சார்?" என்றார். நான் அவர் பின்னால் நின்றுகொண்டிருந்தேன், எனக்கு அந்த விரல் நன்றாகத் தெரிந்தது.

கோலாரில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டர் பல்லவி என்று ஒரு சின்னப் பெண். கன்னடக்காரி, பாதி கன்னடம் பாதி தமிழில் பேசினாள். ஒரு இருட்டு அறையில் மெஷினுக்கு முன்னால் அவரை உட்கார வைத்து, தாடையை ஒரு பலகையில் பொருத்தி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். வெளிச்சப் புள்ளி தெரிகிறபோதெல்லாம் அமுக்க வேண்டும். கதவுக்கு வெளியே உட்கார்ந்து நான் காது கொடுத்துக் கேட்டேன். எங்களுக்கு முன்னால் போன பாட்டி டிக் டிக்கென்று அமுக்கிக்கொண்டே இருந்தாள். என் வீட்டுக்காரர் உள்ளே போன பிறகு சத்தமே வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்று எனக்குக் கோபம் வந்தது.

மெஷினிலிருந்து வந்த பேப்பரில் ஒரு வட்டம். வட்டம் முழுக்கக் கறுப்பு, நடுவில் மட்டும் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வெள்ளை. இடது கண்ணுக்கு அதுவும் பாதி.

"கண்ணுக்குள்ள பிரஷர் அம்மா, கிளாக்கோமா. ஓரத்துல இருந்து தின்னுட்டு வரும், வலிக்காது. நடுவுல பார்வை இருக்கிறதால படிக்க முடியும். அதனாலதான் யாருக்கும் தெரியல" என்றாள் டாக்டர்.

"கண்ணுல கோளாறுன்னா ஏன் கீழ வுழுறாரு? தல சுத்தலுன்னும் சொல்லலியே" என்று நான் கேட்டேன்.

"நீங்க கண்ண மூடிட்டு ஒத்தக் கால்ல நில்லுங்க பாக்கலாம்."

எல்லோர் முன்னாலும் நின்று பார்த்தேன். இரண்டு எண்ணுவதற்குள் மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "நேரா நிக்கிறதுக்குக் கால் மட்டும் போதாதும்மா. கண்ணோட ஓரத்துல சுவரு, தரை, ஜன்னலு எல்லாம் தெரிஞ்சிட்டே இருக்கணும். அதைப் பாத்துத்தான் உடம்பு தன்னை நிமித்திக்கும். இவருக்கு அந்த ஓரம் இல்ல. அதனால காலை அகட்டி வெக்கிறாரு, தரையைத் தேடிக் குனியிறாரு, சுவரைத் தொடுறாரு. எஷ்டு வர்ஷ ஆயித்து, இவரு இப்படி நடக்க ஆரம்பிச்சு?"

எத்தனை வருஷம் என்று கேட்கிறாள். கூட வந்திருந்த ஜாய் போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டினாள். டாக்டர் பார்த்தாள். தெரு கை தட்டுகிற சத்தமும், என் விசிலும் அந்தச் சின்ன அறையில் கேட்டன. டாக்டர் தேதியைப் பார்த்தாள். ஏழு வருஷம்.

"அப்பவே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவள் அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். போனது போனதுதான், இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம், தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து விடாமல் போட வேண்டும் என்றாள். வெள்ளைத் தடி பிடித்து நடக்கச் சொல்லித் தருகிறவர்கள் இருக்கிறார்கள், எழுதித் தருகிறேன் என்றாள்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் அவர் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "நானும் பழக்கம்னுதாம்மே நெனச்சிகினு இருந்தேன்." நான் கண்டக்டர் பக்கம் திரும்பி, சில்லறை தராததற்கு அவனைச் சத்தம் போட்டேன்.

அதற்கு அப்புறம் எங்கள் வீட்டில் இருந்ததெல்லாம் ஒரே ஒரு கேள்விதான். விழுகிற வரைக்கும் கூட்டத்தோடு கூட்டமாக ரயில் ஏறி இறங்கினவர், இனி வேலைக்குப் போவாரா, மாட்டாரா? காசுக்காக அவர் அப்படித் துடிக்கவில்லை. வேலையிலிருந்து நின்றவர்கள் எங்கள் லைனில் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். "உக்காந்தேன்னா அவ்ளோதான் ஐடா. எழுந்திருக்க மாட்டேன்" என்றார்.

மாவுக்கட்டு பிரித்த வாரம் அவருடைய சூப்பர்வைசர் ரூபேஷ் போன் செய்தான். நல்ல பையன், அவன் மேல் தப்பு சொல்ல மாட்டேன். "அங்கிள், பேஸ்மென்ட்ல லிஃப்ட் பக்கத்துல சேர் போட்டுத் தரேன், உக்காந்துட்டே பாருங்க. ஆனா தனியா வரணும், தனியா போகணும். ஆன்ட்டி கையப் புடிச்சி இட்டுகினு வர்றதோ, தடி ஊணிகினு வர்றதோ மேனேஜர் பாத்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது. திங்கக்கிழமை வந்துடுங்க" என்றான்.

திங்கட்கிழமைக்கு ஆறு நாள் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவரை வாசலில் நிறுத்திப் பழக்கினேன். முந்நூறு பிள்ளைகளை நிமிர்த்துகிறவளுக்கு ஒரு மனுஷனை நிமிர்த்த முடியாதா என்று எனக்கு ஒரு திமிர். முதுகைச் சுவரோடு ஒட்டி நிறுத்தினால் நேராக நின்றார். சுவரை விட்டு ஒரு அடி முன்னால் வரச் சொன்னால், மெதுவாக, அவருக்கே தெரியாமல், இடது பக்கம் சாய ஆரம்பிப்பார்.

"நேரா நிக்கிறனா ஐடா?"

"நிக்கிறீங்க."

பொய் சொன்னேன். இன்னொரு நிமிஷத்தில் தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவருக்குப் பொய் என்று தெரிந்துவிட்டது.

"குனியாதீங்க. நிமிந்து நடங்க. குனிஞ்சா அந்த மேனேஜருக்குத் தெரிஞ்சிடும்."

"நிமிந்தா தர தெரியல."

"அப்போ குனிங்க!"

"குனிஞ்சா எதிர்ல வர்ற ஆளு தெரியலம்மே."

எதிர் வீட்டுச் சரோஜம்மா அவள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் கேலி பேசுகிறவள், அன்றைக்கு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் அவளிடம்கூடச் சண்டைக்குப் போகவில்லை. திட்டினால் சரியாகிவிடும் என்று நம்புகிற விஷயங்களைத்தான் நான் திட்டுவேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே புரிந்தது.

சனிக்கிழமை கீழ்த் தெரு முனை வரை தனியாக அனுப்பிப் பார்த்தேன், பின்னாலேயே சத்தமில்லாமல் நடந்தேன். நிறுத்தி வைத்திருந்த ஸ்கூட்டர் ஒன்றில் முட்டி இடித்துக்கொண்டார். ஸ்கூட்டரிடம் "சாரிப்பா" என்றார். கட்டியிருந்த எருமை ஒன்றைச் சுற்றிக்கொண்டு சரியாகப் போனார். சாக்கடை மேல் போட்டிருந்த கல்லைக் காலால் தடவித் தடவிக் கண்டுபிடித்துத் தாண்டினார். தாண்டியதும், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தனக்குத் தானே ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டார். அந்தத் தலையாட்டலைப் பார்க்காமல் இருந்திருக்கலாம் நான். அதற்குப் பிறகு போக வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஓசூருக்கு வாக்கப்பட்டுப் போன ஜாய் போனில் அழுதாள். "மம்மி, டாடிய அனுப்பாதே. பங்காருபேட்டையில கூட்டம் ஏறுனா தள்ளி விட்டுடுவாங்க. பெங்களூர்ல எறங்கி ரோட்ட எப்படித் தாண்டுவாரு? நீ சொன்னா கேப்பாரு."

"நான் சொல்லி எதக் கேட்டாரு உங்க அப்பா?" என்று போனை வைத்தேன். உண்மையில் அவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் முப்பது வருஷம் இருந்திருக்கிறார். வேண்டாம் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இதையும் கேட்டிருப்பார். அவரை வீட்டில் உட்கார வைத்தது நான் என்று ஆகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு ஒப்பந்தம் போட்டோம். நான் ஸ்டேஷன் வரைக்கும் வரலாம். பிளாட்பாரத்தில் தள்ளி நிற்க வேண்டும். "கையத் தொடக் கூடாது. வாயத் தொறக்கக் கூடாது. நானா ஏறணும். ஏறிட்டேன்னா மத்தது நான் பாத்துக்குவேன்" என்றார். சரி என்றேன்.

திங்கட்கிழமை நன்றாக விடிந்த பிறகுதான் கிளம்பினோம். யூனிபார்மை நான் இஸ்திரி போட்டிருந்தேன். ஸ்டேஷன் வரைக்கும் அவர் முன்னால், நான் பத்தடி பின்னால். மாரிக்குப்பத்திலிருந்து வருகிற வண்டி எங்கள் ஸ்டேஷனுக்கு வரும்போதே பாதி நிறைந்திருக்கும். பிளாட்பாரத்தில் அறுபது எழுபது பேர். எல்லோரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள், வணக்கம் சொன்னார்கள். யார் சொன்னது என்று தலையைத் திருப்பித் தேடிவிட்டு அவர் பொதுவாகக் கையைத் தூக்கினார். காலை அகட்டி, முழங்காலை லேசாக மடக்கி, டிபன் பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றார். நான் ஒரு தூண் பக்கம் நின்றேன்.

வண்டி வந்தது. அது ஓடி வரும்போது பக்கத்தில் எல்லாமே ஓடுவதுபோல் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு தள்ளாட்டம் தள்ளாடினார். பக்கத்தில் நின்ற ஒரு காலேஜ் பெண் சட்டென்று விலகிக்கொண்டாள். "காலங்காத்தாலியேவா" என்று ஒருவன் சொன்னது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கும். அவர் அதற்கும் நிமிர்ந்துதான் நின்றார், நான் சொல்லிக் கொடுத்தபடி.

வண்டி நின்றபோது ஒரு கதவு அவருக்கு இடது பக்கம், ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. அதைவிட நல்ல இடத்தில் கடவுளே கொண்டுவந்து நிறுத்தியிருக்க முடியாது. கதவில் ஏறுகிறவர்கள் நாலைந்து பேர்தான். அவர் வலது பக்கம் திரும்பினார். தலையைத் திருப்பி, உடம்பைத் திருப்பி, வண்டியின் மூடிய பக்கத்தைக் கையால் தடவிக்கொண்டே வலது பக்கம் நகர்ந்தார். இரும்புத் தகடு. ஜன்னல். மறுபடி தகடு. நின்றார். நிமிர்ந்து தூரத்தில் பார்த்தார், குனிந்து தரையைப் பார்த்தார். அந்த ரூபாய்க் காசு அளவுக்குள் கதவு வரவே இல்லை.

நான் தூணை விட்டு இரண்டு அடி முன்னால் வந்திருந்தேன். வாய் திறந்திருந்தது. லெஃப்ட்டு என்று ஒரு வார்த்தை. அவர் திரும்பி ஏறிவிடுவார். வண்டி இன்னும் நின்றுகொண்டிருந்தது. பிறகு பங்காருபேட்டை, பெங்களூர், கூட்டம், படி, ரோடு, பஸ், பேஸ்மென்ட். சாயங்காலம் திரும்பி வரும் வரைக்கும் இன்றைக்கும், நாளைக்கும், அதற்கு மறுநாளும்.

ஹாரன் அடித்தது. அவர் அவசரமாகத் தகட்டைத் தட்டினார், அது திறக்கும் என்பதுபோல. வண்டி அவர் உள்ளங்கைக்குக் கீழேயே நகர ஆரம்பித்தது. நான் ஓடிப் போய் அவர் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டேன்.

கடைசிப் பெட்டியும் போன பிறகு பிளாட்பாரத்தில் நாங்கள் இருவர்தான். அவருக்கு மூச்சு வாங்கியது.

"கதவு எங்க இருந்துச்சு?"

"உங்களுக்கு லெஃப்ட்ல."

"எவ்ளோ தூரம்?"

"பக்கத்துலியேதான். கை நீட்டியிருந்தா..."

"நீ பாத்தியா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். நேராக நிற்கிறீர்கள் என்று பொய் சொன்னவளுக்கு இதுவா கஷ்டம்?

"பாத்தேன்."

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஏறியிருப்பேனே ஐடா" என்றார்.

வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்க எனக்குப் பதில் தயாராக இருந்தது. அதனால்தான் நான் பேசாமல் இருந்தேன் என்று அவர்கூட நம்பியிருப்பார். ஆனால் அது உண்மை இல்லை. ஏறியிருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டுவார் என்று நான் காத்துக்கொண்டு நின்றேன். அவர் டிபன் பையை என் கையில் கொடுத்துவிட்டு, என் தோளைத் தேடி, பிடித்துக்கொண்டு, "நட" என்றார்.